கொடைக்கானல் பார்த்த ஏரியலும் அக்னி மூலை பார்க்கும் டிஷ்ஷும்

தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் அப்பிச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், தோட்டத்துச் சாளை. அதன் கூரையோரம் இருபதடி இரும்புக் குழாய் ஒன்று இன்னும் நிற்கிறது. உச்சியில் கட்டிய ஏரியலின் குறுக்குக் கம்பிகளில் பாதி உதிர்ந்துவிட்டன. மீதி தெற்கே பார்த்தபடி இருக்கின்றன. தெற்கே என்றால் கொடைக்கானல். எங்களுக்குப் படம் அனுப்பிய ஒளிபரப்புக் கோபுரம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைப் படம் தொடங்கும் முன் ஒருவர் குழாயைத் திருப்புவார், ஒருவர் வாசலில் நின்று செய்தி கடத்துவார், உள்ளே இருந்து அப்பிச்சி உத்தரவு போடுவார்: "இன்னும் கொஞ்சம்... நில், நில்... போய்விட்டது, பழைய இடத்துக்கே திருப்பு கண்ணு." படம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஒரு மயில் வந்து ஏரியல் மேல் உட்காரும். மறுபடி முதலிலிருந்து.

போன மாதம் மாமா ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே மெல்லிய கறுப்புத் தகடு ஒன்றும் ஐந்து மீட்டர் ஒயரும். டிஜிட்டல் ஆன்டெனா, மாதக் கட்டணம் கிடையாது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. விலை 900 ரூபாய்.

"எந்த நிலையத்தைப் பிடிப்பதற்குங்க மாமா இது?"

"எல்லாவற்றையும் பிடிக்கும் என்று போட்டிருக்கிறான், மாப்பிள்ளை."

டிவியில் செருகித் தேடவிட்டோம். கோடு நூறு சதவீதம் வரை ஓடி நின்றது. கிடைத்த சேனல்கள்: பூஜ்யம். பிடிவாதத்துக்குக் குறுக்குக் கம்பிகள் உள்ள நல்ல யாகி ஆன்டெனா ஒன்றை இரவல் வாங்கி, பழைய குழாயின் உச்சியிலேயே கட்டித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றிப் பார்த்தேன். அப்போதும் பூஜ்யம்தான். தகட்டைக் குறை சொல்வதற்கில்லை. பிடிக்க ஆள் தயார், எறிய ஆள் இல்லை.

தரைவழி, அதாவது கோபுரத்திலிருந்து நேரே ஏரியலுக்கு வரும், டிஜிட்டல் ஒளிபரப்பின் கதை நம் பக்கத்தில் இவ்வளவுதான். 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் டிவிபி-டி2 என்ற முறையில் 16 நகரங்களில் அதைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும். கோவையிலிருந்து சென்னை நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். எந்த ஆன்டெனாவும் எட்டாது. பெங்களூரும் அதே பட்டியலில் இருந்தது. காங்கேயத்திலிருந்து அது 200 கிலோமீட்டர் சொச்சம், நடுவே பர்கூர் மலை. அதையும் மறந்துவிடலாம். பழைய அனலாக் ஒளிபரப்பையோ, கேந்திர முக்கியத்துவம் உள்ள ஏறத்தாழ 50 இடங்கள் நீங்கலாக மற்ற எங்கும் 2022 மார்ச் 31க்குள் நிறுத்துவதாகத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. அப்பிச்சியின் ஏரியலுக்கு ஓய்வு கொடுத்த அறிவிப்பு அது.

இருந்தாலும் வீட்டுக்குப் படம் வரும் வழிகளை ஒப்பிட்டால் ஏரியலுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். தொழில்நுட்பமாகப் பார்த்தால் நம் நிலத்துக்கு அதைப்போல் பொருத்தமானது வேறில்லை. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். தாராபுரம் 250 மீட்டரை ஒட்டி. இடையே நேர்கோட்டில் 55 கிலோமீட்டர்தான். பழனி மலையின் விளிம்பில் ஏறி நின்றால் வடக்கே சமவெளி விரித்த பாய் போலக் கிடக்கும். அங்கே ஒரு கோபுரம் இருந்தால் ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், காங்கேயம் எல்லாம் அதன் பார்வைக்குள் வந்துவிடும். அனலாக் காலத்தில் ஓர் அலைவரிசைக்கு ஒரு சேனல். டிஜிட்டலில் அதே 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஐந்து சேனல்களைத் தூர்தர்ஷன் அடைத்து அனுப்பியது. மாதக் கட்டணம் இல்லை, அட்டை இல்லை. மழை பெய்தாலும் படம் நிற்காது, ஏனென்றால் தரைவழி அலையின் நீளம் அரை மீட்டர் அளவு. மழைத்துளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

குறையும் உண்டு. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் திரையில் எறும்பு ஊரும், பேச்சு இரையும். ஆனாலும் நாயகன் யார், வில்லன் யார் என்று தெரிந்துவிடும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. ஓர் அளவு வரை படம் கண்ணாடி போலத் தெரியும், அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கினாலும் கட்டம் கட்டமாக உடைந்து கறுத்துவிடும். மலையின் மறைவில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாடு. வால்பாறையில் ஒரு மேட்டில் இருப்பவருக்குக் கிடைப்பது அடுத்த பள்ளத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது. இன்னொன்று: பூஸ்டர் வைத்தால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. இருக்கிற சிக்னலை அது பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும். இல்லாத சிக்னலை உண்டாக்காது. ஆன்டெனாவை நாலு அடி உயர்த்துவது பல நேரம் பூஸ்டரைவிடப் பலன் தரும்.

இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தப்பா மகன், அங்கே வீட்டுக்கு வீடு கூரையில் ஏரியல் இருப்பதைப் படம் பிடித்து அனுப்பினான். அங்கே 2012 அக்டோபரில் அனலாக் முழுவதும் நின்றது. அதற்குள் கோபுரங்களை எல்லாம் டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டார்கள், அதே ஏரியல்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன. மாமா வாங்கி வந்த தகடும் அந்த மாதிரி ஊருக்குச் செய்ததுதான்.

சரி, கையில் இருப்பதைப் பார்ப்போம்.

மாதக் கட்டணம் வேண்டாம் என்பவருக்கு மிஞ்சுவது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, கிழக்கு 93.5 பாகையில் இருந்து இறங்குகிறது. டிஷ், அதன் முன்னே நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி., பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்து ஒருமுறை 2,000 ரூபாயை ஒட்டிச் செலவு. பரணில் பழைய கட்டண டிஷ் ஒன்று கிடந்தால் அதன் முகத்தைத் திருப்பினாலே பெரும்பாலும் போதும், பெட்டி மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் திருப்புவது? காங்கேயம் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வடக்கிலிருந்து வலமாக 124 பாகை. அதாவது அக்னி மூலையிலிருந்து சற்றே கிழக்கே தள்ளி. வீட்டின் அடுப்படி சாஸ்திரப்படி இருந்தால் அதுவே வழிகாட்டும். உயரம் 67 பாகை, ஏறக்குறைய உச்சி வெயில் நேரத்துச் சூரியன் அளவுக்கு. ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பது போலத் தெரியாது. எல்.என்.பி. கீழே தள்ளிப் பொருத்தியிருப்பதால் தட்டு தாழ்ந்து நிற்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் தட்டை மல்லாக்க வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று நானே ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன்.

இவ்வளவு உயரப் பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. நாற்பதடித் தென்னை டிஷ்ஷிலிருந்து இருபதடி தள்ளி இருந்தால் குறுக்கே வராது. மலை மறைவு என்ற பேச்சே இல்லை. வால்பாறைப் பள்ளத்திலும் ஊட்டிச் சரிவிலும் ஏரியல் தோற்கும் இடத்தில் டிஷ் ஜெயிப்பது இதனால்தான்.

அதன் எதிரிகள் இரண்டு. ஒன்று ஐப்பசி மழை. செயற்கைக்கோள் அலையின் நீளம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. கனத்த மழைத்துளிகள் அதைத் தின்றுவிடும். இடி மழை கொட்டும் அரை மணி நேரம் செய்தி கிடைக்காது. மழை நின்ற சில நிமிடங்களில் தானாக வந்துவிடும், ஏறிப் போய்த் தட்டைத் தொடாதீர்கள். இரண்டாவது, இதைவிட மோசம், ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே வேகத்தில் நம் டிஷ்ஷையும் சுழற்றப் பார்க்கும். இரண்டடித் தட்டின் பார்வை அகலமே மூன்று பாகை அளவுதான். இரண்டு பாகை நகர்ந்தால் படம் போய்விடும். நட்டை இறுக்குவதோடு நிற்காமல் மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுவது எங்கள் தோட்டத்து வழக்கம். கல்யாணப் பந்தலுக்குக் கட்டுவது போலத்தான்.

ஃப்ரீ டிஷ்ஷின் உண்மையான குறை வேறு. தனியார் சேனல்களுக்கான இடத்தை ஏலத்தில் விடுகிறார்கள்; எடுப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். டிடி தமிழ் இருக்கிறது. 2024 ஜனவரியில் பெயர் மாறிய நம் பழைய பொதிகைதான் அது. வானொலி நிலையங்களும் வரும். ஆனால் இரவு ஏழு மணியிலிருந்து பத்து வரை சீரியல் ஓடும் வீட்டில் இதை மாட்டினால் மறுநாளே கழற்றச் சொல்வார்கள். எங்கள் அத்தை சொன்னதே சாட்சி: "காசு இல்லை சரி, பார்க்க என்ன இருக்கிறது?"

அத்தைக்குக் கட்டண டிடிஎச்தான் பதில். டிஷ்ஷைத் திருப்பும் திசை நிறுவனத்துக்கு நிறுவனம் பெரும்பாலும் மாறும். மழையும் காற்றும் மேலே சொன்னபடியே. ரீசார்ஜ் முடிந்த நள்ளிரவில் திரை கறுக்கும். வெயில் காலத்தில் மூன்று மாதம் கோவைக்கு மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த மாதங்களுக்குக் கட்டாமல் விடலாம் என்பது ஒரு சௌகரியம்.

கேபிள், டவுன்காரர்களின் சங்கதி. கோவை மாநகரில் 2013 மார்ச் இறுதியிலேயே டிஜிட்டல் பெட்டி கட்டாயமானது. அரசு கேபிள் 2011இல் புத்துயிர் பெற்றபோது மாதம் 70 ரூபாய் என்று வந்தது பலருக்கு நினைவிருக்கும். 2019 பிப்ரவரியில் சேனல் வாரியாகப் பணம் கட்டும் முறை வந்து, 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும் என்று அடிப்படைக் கட்டணம் ஆனது. மழைக்குக் கேபிள் அவ்வளவாக அஞ்சாது. மின்சாரம் போய் வழியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் மட்டும் தெருவே இருளும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு கூடுதல் காரணம், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அரசு கேபிளில் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிது, கேபிள்காரரை நேரில் தெரியும். சந்தையில் பார்த்து, "என்னங்க, நேற்று படம் வரவில்லையே" என்று கேட்கலாம்.

ஆனால் கொங்கு நாட்டில் பாதிப் பேர் ஊருக்குள் குடியிருப்பதில்லை. கிணற்றையும் கால்நடை அடைக்கும் தொண்டுப்பட்டியையும் விட்டு வர முடியாமல் தோட்டத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இரண்டு ஏக்கர் சோளக்காடு. ஒரே ஒரு இணைப்புக்காக ஒரு கிலோமீட்டர் ஒயர் இழுக்க எந்தக் கேபிள்காரருக்கும் கட்டுப்படியாகாது. எங்களுக்கு ஒருவர் இழுத்தும் கொடுத்தார். மூன்றாம் மாதம் தென்னை மட்டை விழுந்து அறுந்தது, அவர் வரவில்லை. நானும் அழைக்கவில்லை.

இணையம் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர் வந்த ஊரில் அது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். செல்போன் டேட்டாவில் பார்ப்பதென்றால் கணக்கு வேறு: தெளிவான படம் மணிக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும், ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு நாலு நாள் டேட்டா போகும். நேரலை அரை நிமிடம் வரை பின்தங்கியும் வரும். பக்கத்துத் தோட்டத்தில் டிஷ் வைத்திருப்பவர்கள் கத்திய பிறகுதான் நம் திரையில் பந்து வீச்சாளர் ஓடத் தொடங்குவார்.

மாமாவின் தகட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பணம் முழுதாகக் கிடைக்கவில்லை, 700 கிடைத்தது. அவர் வீட்டில் இப்போது அத்தைக்கு ஒரு கட்டண டிஷ், அவருக்குச் செய்தி கேட்கத் திண்ணையில் பழைய டிவியில் ஃப்ரீ டிஷ். அப்பிச்சியின் இரும்புக் குழாயையும் வீணாக்கவில்லை. ஏரியலுக்குக் கீழே, நாலடி உயரத்தில் கிளாம்பு போட்டு ஒரு டிஷ்ஷை மாட்டி, அக்னி மூலைக்குத் திருப்பிவிட்டேன். இந்த ஆடியில் கம்பி கட்டியதால் அசையவில்லை. மயில் மட்டும் பழைய ஏரியலில்தான் உட்காருகிறது.