வெற்றுப் புலம் எங்கே போயிற்று? சி மொழியில் சரம் பிரிக்கும் வழிகள்

சி மொழியில் ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, காற்புள்ளி போன்ற பிரிப்பான் கண்ட இடத்தில் வெட்ட வேண்டும் என்றால் பெரும்பாலோர் கை முதலில் போவது ஸ்டர்டாக் என்ற நூலகச் செயற்கூற்றிடம்தான். 1989-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இருக்கிறது, எல்லாக் கம்பைலரிலும் கிடைக்கிறது, நாலு வரியில் வேலை முடிந்துவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் அதையே நம்பியிருந்தேன். யுனிக்ஸ் கணினியின் பயனர் பட்டியல் கோப்பைப் படிக்கும் நிரல் ஒன்றில்தான் அந்த நம்பிக்கை உடைந்தது.

அந்தக் கோப்பில் ஒரு வரிக்கு ஏழு புலங்கள், நடுவே முக்காற்புள்ளி. ஐந்தாவது புலம் பயனரின் முழுப்பெயர், ஆறாவது அவருடைய முகப்பு அடைவு, ஏழாவது அவர் கட்டளைகளை ஏற்கும் நிரலான ஷெல். முழுப்பெயர் எழுதப்படாத வரியில் இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டி நிற்கும். ஸ்டர்டாக் அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒன்றாகவே கருதித் தாண்டிவிடும். ஆகவே ஏழுக்குப் பதில் ஆறு துண்டுகளே கிடைத்தன. முகப்பு அடைவு பெயரின் இடத்திலும், ஷெல் முகப்பு அடைவின் இடத்திலும் போய் உட்கார்ந்துகொண்டன. ஏழாவது துண்டு வராவிட்டால் வழக்கமான ஷெல்லை எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்ததால் பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. தவறான தரவு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

இன்னும் இரண்டு குணங்கள் அதற்கு உண்டு. வெட்டும் இடத்தில் பிரிப்பானை அழித்து, சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட்டை எழுதிவிடும். மூலச் சரம் பழையபடி இருக்காது. நிரலில் மேற்கோளுக்குள் எழுதிய மாறாச் சரத்தைக் கொடுத்தால் பெரும்பாலான கணினிகளில் நிரல் அங்கேயே விழுந்துவிடும். அடுத்தது, எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதைத் தனக்குள் ஒரே ஒரு மறைவான சுட்டியில் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியில்) வைத்துக்கொள்கிறது. வெளிச்சுற்றில் அரைப்புள்ளியாலும் உட்சுற்றில் காற்புள்ளியாலும் பிரித்துப் பாருங்கள்: உட்சுற்று முடிந்ததும் வெளிச்சுற்றும் முடிந்துவிடும். முதல் பகுதி மட்டுமே கைக்கு வரும்.

ஸ்டர்டாக்_ஆர் தீர்ப்பது இந்தக் கடைசிச் சிக்கலை மட்டும். நினைவுச் சுட்டியை நாமே மூன்றாவது உள்ளீடாகக் கொடுக்கிறோம். சுற்றுக்குள் சுற்றும், ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகளும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. மூலத்தை அழிப்பதும் வெற்றுப் புலத்தை விழுங்குவதும் அப்படியே தொடர்கின்றன. இது யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பாசிக்ஸ் தரநிலையைச் சேர்ந்தது. விண்டோஸில் இதே வேலைக்கு ஸ்டர்டாக்_எஸ் இருக்கிறது, மூன்று உள்ளீடுகளோடு. சி11 தரநிலையின் பின்னிணைப்பிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. அதற்கோ நான்கு உள்ளீடுகள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் கிளையின் மரபிலிருந்து வந்த ஸ்டர்செப் வெற்றுப் புலத்தை மதிக்கிறது. ஒட்டிய இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையே நீளம் பூஜ்யமான ஒரு துண்டைத் தவறாமல் தரும். என் பயனர் பட்டியலை இது சரியாகப் பிரித்திருக்கும். ஆனால் இதுவும் மூலத்தில் எழுதும். நாம் கொடுத்த சுட்டியையும் நகர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் எந்த இடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டியாக்கிவிடும். ஆகவே ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கத் தொடக்க முகவரியை முன்பே தனியாக எடுத்து வையுங்கள். லினக்ஸில் உண்டு, விண்டோஸ் நூலகத்தில் இல்லை. பல இடைவெளிகள் விட்டு எழுதிய வாக்கியத்தைச் சொற்களாக்க மட்டும் இதைத் தொடாதீர்கள், வெற்றுத் துண்டுகள் குவிந்துவிடும். அந்த வேலைக்கு ஸ்டர்டாக்_ஆர்தான் பொருத்தம்.

நாம் தரும் வடிவப்படி சரத்திலிருந்து மதிப்புகளைப் படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப், வெற்றுப் புலத்தைக் கண்டதும் நின்றுவிடும். புலங்கள் நிச்சயம் நிரம்பியிருக்கும் வரிக்கு மட்டும் சரி.

இப்போது நான் எடுப்பது ஸ்டர்சிஸ்பன். இது எதையும் வெட்டுவதில்லை, அளந்து சொல்கிறது: அடுத்த பிரிப்பானுக்கு முன் எத்தனை பைட்டுகள் என்று. தொடக்கச் சுட்டியும் நீளமும் சேர்ந்தால் அதுவே ஒரு துண்டு. மூலம் கலையாது, மாறாச் சரமும் தாங்கும், மறைவான நினைவு எதுவும் கிடையாது, வெற்றுப் புலம் நீளம் பூஜ்யமாக வந்து நிற்கும். சுற்றை எழுதும் வரிசையில்தான் கவனம் வேண்டும். முதலில் அளக்க வேண்டும், பிறகு துண்டைப் பயன்படுத்த வேண்டும், அதன் பின்னரே அந்த இடத்தில் பூஜ்ய பைட் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நீளத்தோடு ஒன்றைக் கூட்டி நகர வேண்டும். சுற்றின் வாயிலிலேயே பூஜ்ய பைட்டைச் சோதித்தால், காற்புள்ளியில் முடியும் வரியின் கடைசி வெற்றுப் புலம் தொலைந்துவிடும். இதற்குக் கொடுக்கும் விலை, துண்டின் முடிவில் பூஜ்ய பைட் இராது என்பது. அச்சிட, பிரிண்ட்எஃப்புக்கு நீளத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்; மற்ற இடங்களில் நகலெடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அந்தச் செலவு சம்மதமே.

இங்கே சொன்ன ஸ்டர் குடும்பம் முழுவதும் பிரிப்பானைச் சொல்லாகப் பார்ப்பதில்லை, தனித்தனிப் பைட்டுகளின் தொகுப்பாகப் பார்க்கிறது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் உள்ள தமிழ் உரையைக் காற்புள்ளியில் பிரிப்பதில் ஆபத்தில்லை. அந்தப் பைட் எந்தத் தமிழ் எழுத்துக்குள்ளும் வராது. ஆனால் 'அ' என்பதையே பிரிப்பானாகக் கொடுத்தால் அது மூன்று பைட்டுகளாகப் போகும். அவற்றில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பொதுவானது. ஒவ்வோர் எழுத்தும் நடுவில் கிழிபடும். அங்கே ஸ்டர்ஸ்டரால் முழுப் பிரிப்பானையும் தேடி, அதன் நீளம் முழுவதையும் தாண்டிச் செல்லுங்கள்.