சுகர் உள்ளவருக்கு ஆன்டிபயாடிக் ஊசியா? முதலில் மருந்தின் பெயரைக் கேளுங்கள்

வீட்டில் சுகர்காரர் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அப்பாவுக்குக் காலில் புண். பல வருட சுகர் என்பதால் பயந்துபோய் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். (புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.) தினமும் கட்டு மாற்றி, காலையும் மாலையும் ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்றால் "பவர் மருந்து சார், சீக்கிரம் ஆறிடும்" என்பதுதான் பதில். பில்லிலும் வெறும் "ஊசி" என்றுதான் இருக்கும், தொகை மட்டும் பளிச்சென்று தெரியும்.

புண் வற்றியது உண்மைதான். ஆனால் அப்பாவுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது, முகம் வீங்கியது, காதுக்குள் இரைச்சல் கேட்கிறது என்றார். நர்ஸிடம் சொன்னால் "வயசாச்சுல்ல, வீக்னஸ்தான்". வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்தால் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும்) 4.8! முன்பு எடுத்ததில் 1.3தான், அந்த ரிப்போர்ட்டை முதல் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ஃபைலோடு கொடுத்திருந்தோம், ஒருவரும் புரட்டவில்லை. புதிதாக ஒரு டெஸ்ட்டும் எடுக்கவில்லை.

அங்கே கேஸ் ஷீட்டை (என்ன சிகிச்சை தந்தார்கள் என்ற பதிவு) தரமாட்டோம் என்றார்கள். 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கைக்கு வந்தது. போட்டது அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக், கூடவே வலிக்கு டைக்ளோஃபெனாக்.

அமிகாசின் கெட்ட மருந்து இல்லை, மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிக்குத் தேவைப்படும். ஆனால் அது கிட்னியின் நுண்குழாய்களில் சேர்ந்து அவற்றைக் கெடுக்கும், உள்காதையும் விடாது, அதனால் எடையையும் கிரியாட்டினினையும் பார்த்து அளவு போட்டு, நடுநடுவே ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது. சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்போதே கிட்னி அடி வாங்கியிருக்கும், டெஸ்ட் எடுக்காமல் வெளியே தெரியாது. இதில் டைக்ளோஃபெனாக் வேறு, அது கிட்னிக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். சுகரால் ஏற்கனவே தேய்ந்த கிட்னிக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களை என்ன சொல்வது?

இன்னொன்று, கிட்னி மந்தமானால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். பழைய அளவையே போட்டதில் ஒரு ராத்திரி அப்பாவின் சுகர் 50க்குக் கீழே இறங்கி வியர்த்துக் கொட்டியது. அதையும் அங்கே "சாப்பிடாததால்" என்று முடித்துவிட்டார்கள்.

ஊசி போட வந்தால் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், கிரியாட்டினின் பார்த்தாச்சா, அதற்கேற்ற அளவுதானா என்று கேளுங்கள். அந்த டெஸ்ட்டுக்குப் பெரிய செலவு ஆகாது. அதற்காகப் பயந்து நீங்களாக ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடாதீர்கள், சுகர் புண்ணில் கிருமி ஏறினால் காலே போகும். பதில் சொல்லாத டாக்டரை மாற்றுங்கள்.

டயாலிசிஸ் வரை போகாமல் அப்பாவின் கிரியாட்டினின் இப்போது 2.1க்கு இறங்கியிருக்கிறது, பழைய 1.3 இனி கஷ்டம் என்கிறார் கிட்னி டாக்டர். காது இரைச்சல் அப்படியே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பிவிட்டேன், அடுத்து நுகர்வோர் ஆணையம்.