வெஸ்டாவிலிருந்து வந்த 6 கிராம்: மில்பில்லில்லி விண்கல் வாங்கிய அனுபவம்

ஒரு வெளிநாட்டு ஆன்லைன் கடையில் மில்பில்லில்லி விண்கல் துண்டு ஒன்று, 6 கிராம், வாங்கினேன். என் வீட்டு வாடகையில் கால் பங்கு போனது. இரண்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கல் அருமை, கூட வந்த காகிதம்தான் போதவில்லை.

சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம், காற்றில் எரிந்து இறங்கும்போது மேற்பரப்பு உருகி உறைந்த கறுப்பு ஓடு, ஈரமாக இருக்கிறதோ என்று தொட்டுப் பார்க்க வைக்கிற பளபளப்பு. அதன் இடுக்குகளில் செம்மண் கறை. மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனா பக்கம் 1960 அக்டோபரில் தீப்பந்தமாக விழுந்த கல் இது, 1970-ல்தான் முதல் துண்டுகள் கிடைத்தன, அதுவரை கிடந்த மண்ணின் நிறம்தான் அது. உடைந்த பக்கம் சிமெண்ட் சில்லு போல வெளிர் சாம்பல். பத்து மடங்கு லென்ஸில் வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், அதைவிடக் கருத்த பைராக்ஸீன் என்ற இரண்டு கனிமங்களும் பின்னிக் கிடப்பது தெரிகிறது. காந்தம் பிடிக்கவில்லையே, போலியோ என்று பயப்பட வேண்டாம். யூக்ரைட் என்ற இந்த வகையில் உலோக இரும்பு கிட்டத்தட்ட கிடையாது, எரிமலைக் குழம்பு உறைந்த பாறை.

சரி, இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? நான் காசு கொடுத்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஆக்சிஜன் அணுவில் 16, 17, 18 என்று மூன்று எடை உண்டு. கல்லில் சில மில்லிகிராம் எடுத்து, புளோரின் கலந்த வாயுவில் லேசரால் சுட்டு, வெளிவரும் ஆக்சிஜனை நிறை நிறமாலைமானி என்ற கருவியில் எடைவாரியாகப் பிரித்து விகிதம் பார்க்கிறார்கள். பூமியில் கருங்கல்லோ கடற்கரை மணலோ எதை எடுத்தாலும் இந்த விகிதங்கள் வரைபடத்தில் ஒரே கோட்டில்தான் விழும். யூக்ரைட்டுகள் அந்தக் கோட்டுக்கு இணையாக, ஆயிரத்தில் 0.24 பங்கு அளவுக்குக் கீழே, தங்களுக்கென்று ஒரு கோடு வைத்திருக்கின்றன. சூரியக் குடும்பம் உருவானபோது தூசும் வாயுவும் எங்கும் ஒரே மாதிரி கலக்கவில்லை, ஒவ்வொரு வான்பொருளும் தன் பங்கை எடுத்துக்கொண்டது, அப்புறம் முழுதாக உருகிய வான்பொருளுக்குள் எல்லாம் கலந்து ஒரே மதிப்பு ஆகிவிட்டது. நிலாக் கற்கள் கிட்டத்தட்ட பூமியின் கோட்டிலேயே விழுவதால் அங்கே ஆக்சிஜன் மட்டும் போதாது, பைராக்ஸீனில் இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். யூக்ரைட்டில் சுமார் 30, பூமியில் சுமார் 40, நிலாவில் 60-க்கும் மேல்.

இதெல்லாம் ஒரே இடத்துக் கற்கள் என்பதைத்தான் காட்டும், அந்த இடம் எது என்பதைக் காட்டாது. 1970-ல் மெக்கார்ட் என்ற வானியலாளரும் கூட்டாளிகளும் வெஸ்டாவிலிருந்து வரும் ஒளியைத் தொலைநோக்கியில் பிரித்துப் பார்த்தபோது அது யூக்ரைட்டின் ஒளியோடு ஒத்துப்போனது. 2011-12-ல் நாசாவின் டான் விண்கலம் வெஸ்டாவைச் சுற்றிவந்து அளந்த தனிம விகிதங்களும் பொருந்தின. தென் துருவத்தில் சுமார் 500 கி.மீ. அகலத்துக்கு ரீயாசில்வியா என்ற மோதல் பள்ளம், இத்தனை கற்கள் சிதற அந்த ஒரு மோதல் போதும்.

ஆனால் தோற்றத்தை மட்டும் நம்பி யாரும் வாங்காதீர்கள். 2007-ல் அதே ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியில் விழுந்த பன்பரா ராக்ஹோல் என்ற விண்கல் பார்ப்பதற்கு யூக்ரைட்தான், கனிமமும் அப்படித்தான், ஆக்சிஜன் மட்டும் பொருந்தவில்லை, ஆகவே அது வேறொரு வான்பொருளின் துண்டு. ஆய்வகம் பார்க்காத கல்லை 'வெஸ்டா கல்' என்று விற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் கடை மேல் எனக்கு வருத்தம். கூட வந்த அட்டையில் 'அசல் விண்கல்' என்று ஒரு வரியும் ஒரு கையெழுத்தும், அவ்வளவுதான். யாருடைய சேகரிப்பிலிருந்து வந்தது, எப்போது ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போனது, ஒன்றும் இல்லை. அங்கே 1986-ல் வந்த பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி விண்கல்லை அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது, அதனால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. மூன்று மின்னஞ்சல் போட்ட பிறகுதான் முந்தைய சேகரிப்பாளரின் பழைய அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். அதை முதலிலேயே பெட்டியில் வைத்திருக்கலாமே! வாங்கும் முன் விண்கல் ஆய்வாளர் சங்கத்தின் இலவசத் தரவுத்தளத்தில் கல்லின் பெயரைத் தேடிப் பாருங்கள், வகை, விழுந்த இடம், கிடைத்த மொத்த எடை (இதற்கு 300 கிலோவுக்கு மேல்) எல்லாம் இருக்கும். பெயரோ எண்ணோ இல்லாத கல்லை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

பொதி செய்தது நன்றாக இருந்தது, ஓட்டின் ஓரம் கூட உதிரவில்லை. ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைக்கவில்லை, நானே வாங்கிப் போட்டேன். கல்லுக்கு 5, அட்டைக்கு 2.