பீஸ் லில்லி: நான்கு வருஷத்துக்கு அப்புறம்

எதிர் வீட்டு அக்கா நேற்று கேட்டார்: "உன் வேப்பமரத்தடியில வெள்ளையா பூத்து நிக்குதே, நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்குமா? நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" கேட்டில் நின்றபடி சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம், மரத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் வெயில் நேராக விழாது. ரோஜாவும் செம்பருத்தியும் அங்கே பூத்ததே இல்லை. இந்த பீஸ் லில்லி பூத்தது. வெள்ளையாகத் தெரிவது இதழ் இல்லை, மடல், அதாவது பூத்தண்டைச் சுற்றி நிற்கும் ஒரு வகை இலை. நிஜப் பூக்கள் நடுத்தண்டில் பொடிப்பொடியாக இருக்கும். மடல் வாரக்கணக்கில் வாடாமல் நின்று, மெல்லப் பச்சையாகும். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடியே படுத்துவிடும். ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆனால் அந்த இலை நுனி! மூன்று வருஷம் கருகிக்கொண்டே இருந்தது. நர்சரியில் உரம் போதவில்லை என்றார்கள். போட்டேன், இன்னும் கருகியது. உரமும் உப்புதானே. குற்றவாளி எங்கள் போர் தண்ணீர். பக்கெட் விளிம்பிலேயே வெள்ளையாகப் படியும் அந்த உப்பு, தொட்டி மண்ணில் சேர்ந்து வேரைக் கெடுக்கிறது. விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போன சித்திரையில் ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றிப் பார்த்தேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதுதானே, அதில் உப்பு இல்லை. அப்புறம் விட்ட இலைகள் நுனிவரை பச்சை! ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடி மழைத்தண்ணீர் டிரம்மில் சேரும். மாசி, பங்குனிதான் கஷ்டம். டிரம் காலி, ஏசி இன்னும் போட்டிருக்க மாட்டோம், வேம்பும் இலையுதிர்த்து வெயிலை உள்ளே விடும். இந்தப் பங்குனியிலும் நான்கு இலை போயிற்று.

இன்னொன்று, இது சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பம். இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும்.

இவ்வளவு ஆசையாகச் சொல்லிவிட்டு, வாங்காதீங்க அக்கா என்றுதான் சொல்வேன். உங்கள் வீட்டில் ஏசியும் இல்லை, டிரம்மும் இல்லை, பேரன் வேறு தவழ்கிறான். அவன் கொஞ்சம் வளரட்டும். தொட்டியைப் பிரிக்கும்போது உங்களுக்கு ஒரு கன்று எடுத்து வைக்கிறேன். அதற்குள் ஒரு டிரம் வாங்கிவிடுங்கள்.