கல்மூங்கில் வில்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பட்டறையில் செய்த கல்மூங்கில் வில்லைச் சில வருடங்களாக விடாமல் பயன்படுத்தி வருகிறேன். வைக்கோல் கட்டை இலக்காக வைத்து எய்வதற்கு அருமையான வில். செலவும் குறைவு. எய்யும்போது முறிந்த வில்லுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பட்டறையில், செய்யும்போதே கெட்டுப்போனவைதான் அதிகம்.

மூங்கிலின் பலம் தோலை ஒட்டி இருக்கிறது. நார்கள் அங்கேதான் நெருக்கம். உள்ளே போகப் போகக் குறையும். வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கம் இழுபடும், நம்மைப் பார்த்த பக்கம் அமுங்கும். அதனால் தோல் வெளிப்பக்கம் வரும்படி செய்கிறோம், அதன்மேல் உளி படவே விடுவதில்லை. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லையும் அம்பையும் பார்த்துவிட்டு ஆசையோடு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலர் முதலில் கை வைப்பதே கணுவில்தான். மேடு உறுத்துகிறது என்று இழைப்புளி போட்டு மட்டமாக்கிவிடுவார்கள். பார்க்க வழவழப்பாக இருக்கும். நாணேற்றி இழுத்ததும் அதே கணுவில் சிம்பு கிளம்பும். நாலு பேர் முன்னால் அப்படி ஆகும்போது அந்தப் பிள்ளை கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். எங்களுக்கு உதவும் ஆசாரி அண்ணன் திட்ட மாட்டார். “ஏனுங் தம்பி, தோலச் சீவிப்போட்டா அப்புறம் அதுல என்னங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டு வேறு மூங்கில் துண்டை எடுத்துக் கொடுப்பார். கணுவை உப்புத்தாளால் லேசாகத் தடவலாம், அவ்வளவுதான்.

வளைவு பார்ப்பதுதான் உண்மையான வேலை. சுவரில் அடித்த கட்டையில் வில்லை மாட்டி, கப்பியில் கயிறு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே மட்டும் உள்பக்கம் அரத்தால் ராவ வேண்டும். இங்கே நடக்கும் தவறு சின்னது, ஆனால் வில்லையே தின்றுவிடும். இறக்கி மேசைமேல் போட்டதும் மேல்பாதி எது, கீழ்பாதி எது என்று மாறிப்போய், ஏற்கனவே நன்றாக வளைகிற பக்கத்தையே மறுபடி ராவிவிடுவார்கள். கட்டையில் இருக்கும்போதே பென்சிலால் குறி போட்டுவிட்டால் தீர்ந்தது. ராவியதும் உடனே முழுதாக இழுக்கவும் கூடாது. பலமுறை பாதிவரை இழுத்துப் பழக்கினால்தான் சீவியதன் பலன் வளைவில் தெரியும்.

அப்புறம், அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவது. வில்லைக் கையில் எடுத்த பத்துப் பேரில் ஒருவராவது இதைச் செய்வார். அம்போடு போக வேண்டிய விசை முழுக்க வில்லிலேயே அடிக்கும். நல்ல வில்லும் அதில் பிளக்கலாம்.

மூங்கிலைக் காட்டில் போய் வெட்டக் கூடாது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வனச் சட்டத்தில் ‘மரம்’ என்ற கணக்கில் வராது. தோட்டத்து மூங்கிலே போதும். மூன்று வருடமாவது முற்றியதாக இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் மாவுச்சத்து குறைந்து வண்டு துளைப்பதும் குறையும்.

இந்த ஊரில் வில்லுக்குப் பெரிய சோதனை காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் மூங்கில் ஈரம் பிடித்து வில் கொஞ்சம் தளர்கிறது. நாணோடு விட்டால் வளைவு அப்படியே தங்கிவிடும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுகிறேன். சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் வைப்பதில்லை. அதிகம் காய்ந்தால் முறியும்.

அம்புக்கு மெல்லிய மூங்கில். நாண் உட்காரும் வெட்டைக் கணுவுக்குச் சற்று மேலே போட்டு, கீழே நூல் சுற்றினால் பிளவு இறங்காது. மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். அவசரத்தில் இடதும் வலதும் கலந்து ஒட்டிவிட்டுப் பிறகு பிய்ப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பார்க்கிறேன். ‘டிக்’ என்று சத்தம் வந்தால் அது உடைந்து கையில் ஏறக்கூடிய அம்பு, அங்கேயே ஒடித்துப் போட்டுவிடுவேன்.