சால்வி பிலிம்: டவலுக்குச் சரி, லேஸுக்கு வேறு பாருங்கள்

மெஷின் எம்பிராய்டரியில் துணி சுருங்காமல் தாங்க வைக்கும் தாள்தான் ஸ்டெபிலைசர். அதில் தண்ணீரில் கரையும் வகை என்றதும் பலர் வாங்குவது சல்கி நிறுவனத்தின் மெல்லிய சால்வி ரோல்தான். விலை குறைவு, பார்க்கக் கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும். அதே வரிசையில் சூப்பர் சால்வி, அல்ட்ரா சால்வி என்று தடிமனான பிலிம்களும், துணி போல இருக்கும் ஃபேப்ரி சால்வியும் உண்டு. பிலிம்களின் தடிமன்: சால்வி 20, சூப்பர் சால்வி 35, அல்ட்ரா சால்வி 80 மைக்ரான். எதை எதற்கு எடுப்பது என்று தெரியாமல் வாங்கினால் பணமும் நூலும் சேர்ந்தே வீண்.

மெல்லிய சால்வியின் இடம் துணிக்கு மேலே. டர்க்கி டவல், வெல்வெட், பின்னலாடை எல்லாவற்றிலும் தையல் உள்ளே அமுங்கிவிடும், டவலின் வளையங்கள் நூலுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். அதைத் தடுக்க அடியில் வழக்கமான ஸ்டெபிலைசர், மேலே இந்தப் பிலிம் ஒரே அடுக்கு. பிரேமில் இதைச் சேர்த்து இறுக்க வேண்டாம், இழுபட்டுப் பின்னால் சுருங்கும். மேலே விரித்து, டிசைனைச் சுற்றி நீளமான தையலில் ஒரு கட்டம் ஓட்டினால் போதும். முடிந்ததும் கிழித்தெடுங்கள். எழுத்துகளின் உட்குழியில் மிஞ்சும் துணுக்குகளை ஈரமான காது பட்ஸால் ஒற்றினால் போய்விடும்.

ஒரு விஷயத்தைப் பாக்கெட் சொல்லாது: துவைத்ததும் பிலிம் போய்விடும், டவலின் வளையங்கள் எங்கும் போகாது. மெல்லிய எழுத்தாக இருந்தால் நாலு துவையலில் வளையங்கள் மறுபடி தலைதூக்கும். எழுத்துக்கு முன்பே டவல் நிறத்து நூலில் அடர்த்தி குறைந்த வலைத்தையல் ஒன்றைப் போட்டு வளையங்களைப் படுக்க வைப்பதுதான் நிரந்தர வழி.

துணியே இல்லாமல் ஸ்டெபிலைசர் மேல் நூலால் மட்டும் தைக்கும் லேஸுக்கு மெல்லிய பிலிம் வேண்டவே வேண்டாம். ஊசித் துளைகள் நெருங்க நெருங்க அது தபால்தலை ஓரம் போலக் கிழிந்து, பாதி டிசைனில் பிரேமைவிட்டு வந்துவிடும். அவுட்லைன் ஓரிடம், நிரப்புத் தையல் ஓரிடம் என்று நகர்ந்து நிற்கும். ஃபேப்ரி சால்வி இரண்டு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக வைத்து இறுக்கிப் பூட்டுங்கள். அல்ட்ரா சால்வியும் தாங்கும், ஆனால் வழுக்கும். பிரேமின் உள்வளையத்தில் காட்டன் நாடா சுற்றினால் பிடிப்பு வரும். 75/11 ஊசி, நிமிடத்துக்கு 600 தையலுக்கு மேல் போகாத வேகம். இருபக்கமும் தெரியும் என்பதால் பாபினிலும் மேல்நூலையே சுற்ற வேண்டும். டிசைன் லேஸுக்கென்றே செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஒன்றோடொன்று பின்னிய வலை இல்லாத சாதாரண டிசைன், தண்ணீர் பட்டதும் வெறும் நூலாகப் பிரிந்துவிடும். அதற்கு ஸ்டெபிலைசரைத் திட்டிப் பயனில்லை.

அலசுவதில்தான் லேஸின் விறைப்பு தீர்மானமாகிறது. ஓரத்தை 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். ஜிமிக்கி, தோரணம் போன்றவற்றுக்குச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். கரைந்த ஸ்டெபிலைசரில் உள்ளே தங்கும் பசையே கஞ்சி போல விறைப்பு தரும். ரவிக்கைக் கை ஓரத்துக்கு என்றால் வழவழப்பு போகும்வரை நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். சமதளத்தில் குண்டூசி குத்தி உலர்த்துங்கள். பிலிம் இருக்கும்போது நேரடியாக அயர்ன் பாக்ஸ் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

குவில்ட் (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) வேலையில் சால்விக்கு அரை மதிப்பெண்தான். சாக் தெரியாத அடர்நிறத் துணியிலும், பூப்போட்ட துணியிலும் கோலம் வரைய இது கைகொடுக்கும்: பிலிமில் வரைந்து, மேலே குண்டூசி குத்தி, கோட்டின் மேலேயே தைத்துவிட்டுக் கிழித்துவிடலாம். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் துணுக்குகள் நூலுக்கடியில் மாட்டும். துணியை அழுத்தும் மெஷின் ஃபுட் முன்பக்கம் திறந்ததாக இருந்தால், பிலிமின் ஓரத்தில் மாட்டி இழுக்கும்; மூடிய வட்ட ஃபுட் நல்லது. பென்சிலால் வரைந்தால் கரி வெள்ளை நூலில் ஏறும், தண்ணீரில் போகும் பேனாவே சரி, அதையும் துண்டுத் துணியில் சோதித்துவிட்டு. முழுக் குவில்ட்டுக்கும் இதை விரிப்பது வேண்டாத வேலை. உள்ளே இருக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்குக்குள் பசை இறங்கினால் பல அலசல் தேவைப்படும், அதற்குள் சிவப்புக் காட்டன் சாயம் விட்டு வெள்ளையில் ஏறலாம்.

பட்டு, சரிகை, துவைக்கக்கூடாத துணி எதிலும் இந்த வரிசையே வேண்டாம். கடையில் மீட்டர் கணக்கில் வரும் பெயரில்லாத கரையும் பேப்பரை வாங்குவதானால் சின்னத் துண்டை நீரில் போட்டுப் பாருங்கள். முழுசாகக் கரையாமல் நார் மிஞ்சினால் விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் பிலிம் பிசுபிசுக்கும், ஏசி அறையில் காய்ந்து நொறுங்கும். ஜிப் பையில் காற்றை வெளியேற்றி வையுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொஞ்சம் நீரில் கரைத்துப் பிரஷ்ஷால் தடவி உலர்த்தினால், நழுவும் ஷிஃபான் துணியும் தைக்கத் தோதாக விறைத்துக்கொள்ளும்.