டைடல் டர்பைன் மீனை அடிக்குமா? டெத்திஸ்ல தேடிப் பாக்கலாம் (ரிவ்யூ)

டைடல் எனர்ஜியால, அதாவது கடல் ஏறி இறங்குற ஓட்டத்துல இருந்து கரண்ட் எடுக்குறதால, கடலுக்கு என்ன ஆகும்னு யாராவது கேட்டா நான் முதல்ல கைகாட்டுற இடம் டெத்திஸ்தான். அமெரிக்காவோட பசிபிக் நார்த்வெஸ்ட் நேஷனல் லேபரட்டரி நடத்துற டேட்டாபேஸ், காசு கிடையாது. ஆய்வுக் கட்டுரை, கண்காணிப்பு ரிப்போர்ட், எந்தக் கடல்ல எந்த மெஷினை இறக்குனாங்க, அங்க எதை அளந்தாங்கன்னு எல்லாமே ஒரே இடத்துல கிடைக்குது.

தேடுறது ஈசி. மோதல் (உயிரினம் பிளேடுல அடிபடுறது), சத்தம், மின்காந்தப் புலம் (கரண்ட் கேபிளைச் சுத்தி உருவாகுறது)னு பாதிப்பு வாரியா பிரிக்கலாம், மீனு, பறவை, கடல் பாலூட்டின்னு உயிரினம் வாரியாவும் பிரிக்கலாம். ஆனா வர்றதை அப்படியே நம்பிடாதீங்க. உதாரணத்துக்கு சீஜென், வட அயர்லாந்து ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக்ங்கிற கடல் கழியில 2008ல வச்ச 1.2 மெகாவாட் டர்பைன், பெருசா பாதிப்பு இல்லைன்னுதான் படிப்பீங்க, ஆனா கடல்நாய் கிட்ட வந்தா மெஷினை நிறுத்திடணும்னு அங்க கண்டிஷன் இருந்துச்சு, அப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டுனா சுத்துற பிளேடு பக்கத்துல வந்தா கடல்நாய் என்ன செய்யும்னு எப்படித் தெரியும்? மோதல் விஷயம் இன்னும் முடியாத கேள்வியா இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். கலங்கலான, இழுப்பு ஜாஸ்தியான தண்ணியில கேமரா வச்சுப் பாக்குறதும் லேசு இல்ல.

இன்னொரு தலைவலி, டைடல்னு பொதுவா தேடுனா அணை கட்டுற வகையும் கடலடியில நிக்கிற டர்பைனும் கலந்து வருது. ரெண்டும் வேற வேற ரிஸ்க்குங்க. பிரான்ஸ்ல 1966ல திறந்த லா ரான்ஸ் அணை வகை, 240 மெகாவாட், கட்டும்போது முகத்துவாரத்தையே வருஷக்கணக்குல அடைச்சு வச்சாங்க, உள்ள இருந்த உயிரினம் பெரும்பாலும் போச்சு. அதே வகையில கனடாவோட அனாபொலிஸ் 20 மெகாவாட்தான், அங்க மீன் சாவுதான் பிரச்சனை, 2019ல ஓட்டத்தை நிறுத்திட்டாங்க. இதையெல்லாம் காட்டி தனியா நிக்கிற டர்பைனைத் திட்டுறதும் தப்பு, அந்த டர்பைன் ரிசல்ட்டை வச்சு அணைக்கு சர்ட்டிபிகேட் குடுக்குறதும் தப்பு.

டெத்திஸ்ல நாலு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற "ஸ்டேட் ஆஃப் தி சயின்ஸ்" தொகுப்பு ரிப்போர்ட் (கடைசியா 2024) கண்டிப்பா படிங்க. ஒண்ணு ரெண்டு மெஷின்னா சத்தமும் மின்காந்தப் புலமும் பெரிய கவலை இல்லைன்னு அதுல சொல்றாங்க, "ஒண்ணு ரெண்டு"ங்கிறதை மட்டும் விட்டுட்டு நிறைய டர்பைன் நிக்கிற பெரிய பண்ணைக்கு மேற்கோள் காட்டுறவங்க இருக்காங்க, உஷாரா இருங்க.

சில கட்டுரைக்கு சுருக்கம் மட்டும்தான் இருக்கு, முழுசா வேணும்னா ஜர்னலுக்குக் காசு கட்டணும். அதுக்கு ஒரு ஸ்டார் கட், 5க்கு 4.